சிவப்பு வளையம் போட்ட முனை

சாக்கெட் செட் வாங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல ஒரே வேலையைத்தான் செய்வாங்க. பெட்டியைக் கையில தூக்கி ரெண்டு ஆட்டு ஆட்டி, "வெயிட்டா கீதுபா"ம்பாங்க. அப்புறம் திறந்து, கண்ணு கூசுற அளவுக்குப் பளபளப்பா இருக்கான்னு பார்ப்பாங்க. முடிஞ்சுது. கார் சக்கரத்து நட்டைக் கழட்டப் போற சாமானை, என்னமோ சீர்வரிசைக்கு வெள்ளிக் கிண்ணம் எடுக்கற மாதிரி எடுத்துக்கிட்டுப் போவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நான் உட்கார்ந்திருக்கறது மேற்குத் தாம்பரத்துல ஒரு டூல்ஸ் கடையில. கல்லா ஓனரோடது, ஸ்டூல் என்னோடது. அதுக்கு முன்னாடி இருபத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனியில தரம் பார்க்கற வேலை. கார் ரிப்பேருக்கு வேண்டிய சாக்கெட், ஸ்பேனர் எல்லாம் அங்கே செஞ்சோம். நான் ஓகே சொல்லாம ஒரு பீஸ் வெளியே போகாது. மேனேஜரே வந்து தலைக்கு மேல நின்னாலும் போகாது. அப்படி ஒரு திமிரு எனக்கு. அந்தக் கம்பெனியை ஒரு நாள் இழுத்து மூடிட்டாங்க, திமிரை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்தேன்.

திமிரோட இன்னொண்ணும் எடுத்துக்கிட்டு வந்தேன். ஸ்டோர்ஸ்ல இருந்ததை எல்லாம் எடைக்குப் போட்டப்போ, அந்தக் குவியல்லேர்ந்து ஒரே ஒரு கேஜை எடுத்து டிபன் பையில போட்டுக்கிட்டேன். கேஜ்னா பெரிசா ஒண்ணும் இல்ல. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு எஃகுக் கட்டை, ரெண்டு முனையிலயும் நட்டு மாதிரி ஆறு மூலை. இது பத்தொன்பது சைஸ் சாக்கெட்டுக்கு உண்டானது. ஒரு முனை சாக்கெட்டுக்குள்ள போகணும், போகலைன்னா துளை சின்னது. சிவப்பு வளையம் போட்ட இன்னொரு முனை போகவே கூடாது. போச்சுன்னா துளை பெருசு, அந்த சாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில போடு. ரெண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் ரெண்டு மூணு தலைமுடி அகலம்தான். என் உத்தியோகம், மரியாதை எல்லாமே அந்த ரெண்டு மூணு தலைமுடிக்குள்ள அடங்கிப் போச்சு.

கடையில மலிவு செட் எது வந்தாலும் முதல்ல என் கைக்குத்தான் வரும். கவுன்டர் கண்ணாடி மேல சாக்கெட்டை உருட்டி விடுவேன். ஒரு பக்கம் தடிமன் கூட, ஒரு பக்கம் கம்மின்னா தள்ளாடிக்கிட்டே போகும். உள்ளே டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். ஆறு மூலையும் சுத்தமா வெட்டியிருக்கணும். மலிவு சாமான்ல அடியில இரும்புப் பிசிறு துருவின தேங்காய் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். வாய் விளிம்பை நகத்தால நெருடினா சிலதுல முலாம் அப்படியே செதில் செதிலா உரியும். கடைசியாத்தான் கேஜ். பத்துல எட்டு மலிவு சாக்கெட்டுக்குள்ள அந்தச் சிவப்பு முனை வழுக்கிக்கிட்டுப் போகும். "பார்த்தியா, போகக் கூடாதது போவுது"ன்னு காட்டுவேன். மெக்கானிக்குங்க வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்ப்பாங்க. துளை லூசா இருந்தா நட்டோட மூலையை மழுக்கிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது, அழுத்தற கை நழுவி விரல் முட்டி பேந்துடும். இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா வாங்கறப்பவே தெரிஞ்சுக்க முடியும்னு காட்டினவன் நான். மேடவாக்கத்துலேர்ந்தெல்லாம் தேடி வந்தாங்க. "சார் ஓகே சொன்னாரா?"ன்னு கேட்டுட்டுத்தான் பெட்டியைத் தொடுவாங்க.

அந்தக் கேஜை நான் வெச்சுக்கிட்ட விதத்தையும் சொல்லிடறேன். நீலத்துணியில சுத்தி, எண்ணெய் தடவி, கண்ணு மாதிரி பார்த்துக்கிட்டேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எடுத்து, மழையிலயும் ஈரத்துலயும் வந்த துருப்பொட்டு போக நைஸ் எமரி பேப்பரால பளபளன்னு தேய்ச்சு, பூஜை அலமாரியில வெச்சு, சந்தனம் குங்குமம் இடுவேன். என் பொண்டாட்டி, "உங்களுக்கு எங்களை விட அதுதான் ஒசத்தி"ன்னு கிண்டல் பண்ணுவா. ஆமான்னுவேன்.

இப்ப என் மச்சானைப் பத்திச் சொல்லணும். சொந்தத்துல மச்சான் இல்ல. அதே கம்பெனியில பிரஸ் மெஷின் ஓட்டினவன், கேன்டீன்ல என்னோட ஒரே தட்டுல கை வெச்சவன், அந்த மச்சான். கம்பெனி மூடினதும் ஆளுக்கொரு மூலைக்குச் சிதறினோம். செக்யூரிட்டி வேலை, ஷேர் ஆட்டோ, எங்கே என்ன கிடைச்சுதோ அது. இவன் மட்டும் கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு தகர ஷெட் பிடிச்சு, பழைய பிரஸ் ஒண்ணைப் போட்டு, தம்பியைக் கூட சேர்த்துக்கிட்டு சாக்கெட் அடிக்க ஆரம்பிச்சான். தம்பி இவனை விடப் பத்து வயசு சின்னவன். அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. இவன்தான் தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வெச்சு ஆளாக்கினான். தம்பி முப்பது வயசுக்கும் அண்ணன் எதிர்ல உட்கார மாட்டான். ஷெட்டுல அவன்தான் துளை வெட்டற மெஷினைப் பார்த்துக்கிட்டான்.

அவன் ஓனர், நான் ஸ்டூல்ல. சந்தோஷப்பட்டேன்னு சொன்னா நாக்கு அழுகிடும். வயிறு எரிஞ்சுது.

ஆயுத பூஜைக்கு ஒரு மாசம் இருக்கறப்போ எங்க கடை ஓனர் அவன்கிட்ட சொன்னார், சாமான் நல்லா இருந்தா பூஜை சீசனுக்கு எங்க கடைக்கும், பெருங்களத்தூர், பல்லாவரத்துல இருக்கற அவங்க சொந்தக்காரங்க கடைங்களுக்கும் மொத்தமா எடுத்துக்கறேன்னு. "ஆனா சார் ஓகே சொல்லணும்"னு என் பக்கம் கையைக் காட்டினார். மச்சான் சிரிச்சுக்கிட்டே என் தோள்ல கை போட்டான். "இது கெட்ச்சா ஷெட்டு நிக்கும் மச்சான். இல்லாங்காட்டி பூட்டிகினு போவ வேண்டியதுதான். நீ பார்த்துட்டுச் சொல்லு. நீ ஓகேன்னா ஓகே, நீ வேணாம்னா வேணாம்"ன்னான். சிரிச்சான்தான், ஆனா தோள்ல இருந்த கை வேர்த்துக் கிடந்துச்சு.

ஒரு திங்கக்கிழமை காலையில அண்ணனும் தம்பியும் ஒரு கோணிப்பையைக் கொண்டாந்து வெச்சாங்க. கடையில நாலஞ்சு மெக்கானிக்குங்க இருந்தாங்க. நான் உள்ளே கையை விட்டு பத்தொன்பது சைஸ் சாக்கெட் இருபதைப் பொறுக்கி கவுன்டர்ல வரிசையா நிறுத்தினேன். உருட்டினேன், தள்ளாடல. டார்ச் அடிச்சேன், மூலை ஆறும் சுத்தம். முலாம் நகத்துக்கு அசையல. மலிவு விலைக்கு அப்படி ஒரு சாமான் நான் பார்த்ததே இல்ல. ஓனர் முகம் மலர்ந்துடுச்சு. அந்த நிமிஷம் எனக்குள்ள ஒரு அல்பம் உட்கார்ந்துக்கிட்டு, "எங்கேயாவது மாட்டுவான் பாரு"ன்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. அதையும் மறைக்கறதுக்கில்ல.

கேஜை எடுத்தேன். நல்ல முனை போச்சு. திருப்பி, சிவப்பு முனையை வெச்சேன். போச்சு. வழுக்கிக்கிட்டுப் போச்சு.

அடுத்தது, அதுக்கடுத்தது, இருபதும். இருபதுலயும் ஒரே மாதிரி, ஒரே சுகமாப் போச்சு. தரம் பார்க்கறவன் அங்கே நின்னு யோசிச்சிருக்கணும். எல்லாப் பீஸும் ஒரே மாதிரி ஃபெயிலானா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பீஸை இல்ல, கேஜை. புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு முதல் நாள் இதைச் சொல்லிக் குடுத்தவனே நான்தான். அன்னிக்கு எனக்கு அது ஞாபகம் வரல. வந்திருந்தாலும் வேணாம்னு தள்ளியிருப்பேன்.

"போகக் கூடாதது போவுது"ன்னேன்.

தம்பிதான் முதல்ல வாயைத் திறந்தான். ரொம்ப மரியாதையாத்தான் கேட்டான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கேஜை ஒருதபா செக் பண்ணிடலாமா?"

அவ்வளவுதான். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. கம்பெனியில பீஸ் ரிஜெக்ட் ஆன ஒவ்வொரு ஆபரேட்டரும் சொல்ற பாட்டு அது. "இருபத்திரண்டு வருஷமா இதைத்தாண்டா புடிச்சுக்கிட்டிருக்கேன். நேத்திக்கு மெஷினைத் தொட்டவன் எனக்குக் கேஜைப் பத்திச் சொல்றியா?"ன்னு கத்தினேன். தம்பி பின்வாங்கல. "இல்ல சார், நான் வெர்னியர்ல அளந்து பார்த்தேன், கரெக்டா கீது"ன்னு ஆரம்பிச்சான். வாக்கியம் முடியல. அண்ணன் அவன் கன்னத்துல விட்டான் ஒண்ணு. மெக்கானிக்குங்க முன்னாடி, ஓனர் முன்னாடி, எனக்காக.

"யார்கிட்ட இன்னா பேசற? அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். நீதான் ஒழுங்கா செட் பண்ணாம சொதப்பிட்டே"ன்னான்.

தம்பி கன்னத்தைக் கூடத் தொட்டுக்கல. அண்ணனை ஒரு பார்வை பார்த்தான். கோணியைத் தானே தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு வெளியே போனான். நான் தடுத்திருக்கலாம். விடுடா, சின்னவன்தானேன்னு ஒரு வார்த்தை. அதைக்கூடச் சொல்லாம கேஜைத் துணியால துடைச்சுக்கிட்டிருந்தேன்.

ஆர்டர் போச்சு. பூஜை முடியறதுக்குள்ள ஷெட்டு பூட்டியாச்சு. தம்பி அந்த வாரமே ஓசூர்ல ஒரு கம்பெனிக்குப் போயிட்டான், அண்ணன்கிட்ட சொல்லாம. அப்புறம் வீட்டுப் பக்கமே வரலன்னு கேள்விப்பட்டேன். மச்சானும் கடைப் பக்கம் வர்றதை விட்டுட்டான். என் மேல கோபத்துலன்னு நெனச்சேன். இல்ல, கெட்ட சாமானைக் கொண்டாந்து என் பேரைக் கெடுக்கப் பார்த்தோமேன்னு வெட்கமாம். யாரோ வந்து சொன்னாங்க. நானும், வெட்கப்பட வேண்டியதுதான்னு இருந்துட்டேன்.

இதை விடக் கேவலம் ஒண்ணு பண்ணினேன். அன்னிக்குக் கவுன்டர்ல தங்கிப் போன ஒரு சாக்கெட்டுக்குச் சிவப்பு பெயின்ட் அடிச்சு, கயிறு கட்டிக் கடை வாசல்ல தொங்கவிட்டேன். வர்றவங்களுக்கு அதுக்குள்ள கேஜை விட்டுக் காட்டி, "பார்க்க எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, உள்ளே இப்படி. ஏமாந்துடாதீங்க"ன்னு பாடம் நடத்தினேன். நாலு வருஷம் நடத்தினேன்.

இந்த வருஷம் ஒரு நாள் கீழ்க்கட்டளை மெக்கானிக் ஒருத்தர் வெளிநாட்டு சாக்கெட் ஒண்ணு, பத்தொன்பது சைஸ், கொண்டு வந்தார். நல்ல விலை, நல்ல பேரு. சும்மா பெருமைக்குக் காட்டத்தான் வந்தார். நான் பழக்க தோஷத்துல கேஜை விட்டேன். சிவப்பு முனை உள்ளே போச்சு. "அடப்பாவி, இவனும் கெட்டுட்டானா"ன்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சார். கடையில அதே தரத்துல இன்னொரு கம்பெனியோடது இருந்துச்சு. அதை எடுத்தேன். அதுலயும் போச்சு. அப்புறம் எனக்குச் சிரிப்பு வரல.

மறுநாள் லீவு போட்டுட்டு, கேஜையும் வாசல்ல தொங்கின சாக்கெட்டையும் எடுத்துக்கிட்டு கிண்டியில ஒரு சோதனைக்கூடத்துக்குப் போனேன். கவுன்டர்ல ஒரு பொண்ணு, என் மக வயசு. "கடைசியா எப்ப சார் கேலிபரேட் பண்ணீங்க?"ன்னு கேட்டுச்சு. கம்பெனியில கேஜோட அளவு சரியா இருக்கான்னு பார்க்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை லேபுக்கு அனுப்பிடுவோம், அடுத்த தேதி போட்டு ஸ்டிக்கர் ஒட்டி வரும். வீட்டுக்கு வந்த முதல் வருஷமே அந்த ஸ்டிக்கர் எண்ணெயில ஊறி உரிஞ்சு விழுந்துடுச்சு. குப்பையில போட்டுட்டுக் குங்குமம் வெச்சேன். இதை அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? "ரொம்ப நாளாச்சும்மா"ன்னேன்.

சாயந்திரம் பேப்பரைக் குடுத்துச்சு. ரெண்டு முனையும் தேஞ்சு போயிருக்கு, சிவப்பு முனை ரொம்ப. "இது நோ-கோ முனை சார். உள்ளேயே போகக் கூடாது, அப்புறம் எப்படித் தேயும்? எமரி ஏதாவது போட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. தலையை ஆட்டினேன். கம்பெனியில எவனாவது கேஜ் மேல எமரியை வெச்சிருந்தா நானே மெமோ குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். பூஜைன்னு வந்தப்போ அது எனக்குக் கேஜாவே தெரியல, சாமி சாமானாத் தெரிஞ்சுது. போதாததுக்கு வருஷக்கணக்கா எல்லா லொடலொட சாக்கெட்டுக்குள்ளயும் அதை விட்டு விட்டு எடுத்திருக்கேன். அந்தச் சிவப்பு சாக்கெட்டையும் அளந்து குடுத்துச்சு. "இது கரெக்டா இருக்கு சார். நல்ல வேலை"ன்னுச்சு. கேஜ் மேல பயன்படுத்தக் கூடாதுன்னு ஒரு சீட்டு ஒட்டித் திருப்பிக் குடுத்தாங்க.

வாங்கிக்கிட்டு வெளியே வந்து நின்னேன். எந்தப் பக்கம் பஸ் ஏறணும்னே புரியல. செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

மச்சான் பெருங்களத்தூர்ல ஒரு புது அப்பார்ட்மென்ட்ல கேட்டுல நிக்கறான்னு தெரியும். ரெண்டு நாள் தைரியம் வரல. மூணாம் நாள் மத்தியானம் போனேன். ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போற கூட்டம் மூட்டை முடிச்சோட ரோட்டை அடைச்சுக்கிட்டிருந்துச்சு. அப்பார்ட்மென்ட் கேட்டுல காக்கிச் சட்டை, தொப்பியோட உட்கார்ந்திருந்தான். பாதி முடி வெளுத்துப் போச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னான். "இன்னா மச்சான், யாரைப் பார்க்கணும்?"னு ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினான். என்னைக் கிண்டல் பண்ணல, நெஜமாவே அப்படித்தான் நெனச்சான்.

"உன்னைத்தான்"னேன்.

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைச்சுப் போட்டான். நான் உட்காரல. பேப்பரை நீட்டினேன். "இங்கிலீஷ் எனக்கு எதுக்கு, நீயே சொல்லு"ன்னான். சொன்னேன். உன் சாக்கெட் சரியாத்தான் இருந்துச்சு, என் கேஜ் தேஞ்சு போயிருந்துச்சு, எனக்குத் தெரியலன்னு. ரெண்டு நாளா மனசுல கோத்து வெச்சிருந்த பேச்சு மூணே வரியில தீர்ந்து போச்சு. சிவப்பு சாக்கெட்டை அவன் கையில குடுத்தேன்.

திட்டுவான்னு பார்த்தேன். காலரைப் பிடிப்பான்னு கூடப் பார்த்தேன். பிடிச்சிருந்தா தேவலை. அவன் அந்த சாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே நகத்தால பெயின்டைச் சுரண்டினான். அது போகல.

"அப்ப தம்பி சொன்னது?"

"அவன் சொன்னதுதான் சரி."

"அவன் அத்தோட விடல மச்சான். அன்னிக்கு நைட்டு ஷெட்டுல வெர்னியர் எடுத்தாந்து காட்டினான். பாரு அண்ணா, பாரு அண்ணான்னு. நான் பார்க்கல. அவரை விட உனக்குத் தெரியுமாடான்னு கேட்டேன்." இதைச் சொல்லிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னான்.

"நம்பர் வெச்சிருக்கியா?"

"கீது. போடறதில்ல. எந்த மூஞ்சை வெச்சிகினு போடறது? பண்டிகைக்கு எடுத்துப் பார்த்துட்டு வெச்சிடுவேன்." சட்டைப் பையிலேர்ந்து போனை எடுத்தான். என்ன நெனச்சானோ, அவனே அழுத்தி, என் கையில திணிச்சான். "நீயே சொல்லு. உன் பேச்சைக் கேட்டுத்தானே அடிச்சேன்."

ஒரு ரிங் முழுசாப் போகல. எடுத்துட்டான்.

"அண்ணா?"

நாலு வருஷம் கழிச்சு அண்ணன் நம்பர் வருதேன்னு பதறி எடுத்தவன் குரல் அது. மூச்சு வாங்குச்சு. "அண்ணா, சொல்லு அண்ணா"ன்னான். இந்தக் குரலுக்கு நான் பதில் சொல்ற மாதிரி ஆயிடுச்சேன்னு என் மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. நான் யாருன்னு சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன், மன்னிச்சுடுப்பான்னேன்.

"தெரியும் சார்"னான். "ஒண்ணு ஒண்ணா அளந்து பார்த்துட்டுத்தான் எடுத்தாந்தேன். எனக்கு அன்னிக்கே தெரியும்." கோபமாச் சொல்லல. அப்புறம் கேட்டான், "அண்ணன் பக்கத்துல கீறாரா?"

"இருக்கான்பா."

"அவர்கிட்ட குடுங்க சார்."

போனை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கேட்டுக்கு வெளியே ஒரு கார் ஹாரன் அடிச்சுது. மச்சான் சாக்கெட்டைப் பையில போட்டுக்கிட்டு, தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு ஓடினான். கேட்டைத் திறந்து, காருக்கு சல்யூட் அடிச்சு, அது உள்ளே போனதும் இழுத்துச் சாத்தினான். என் கையில போன் "அண்ணா, அண்ணா"ன்னுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு அவன் கேட் தாழ்ப்பாளைப் போட்டான், எடுத்தான், திரும்பவும் போட்டான்.